அன்னா கார்ட்டரின் ஆல்டோ

பாடகர் குழுவில் நான் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் தாழ்ந்தது. மெட்டு உச்சக் குரலான சொப்ரானோக்களிடம் இருக்கும். எங்களுக்கு வருவது அதற்குக் கீழே ஓடும் வரி. அதனால் எந்தப் பழைய பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் அந்தக் கீழ்வரியைத்தான் தேடும். சக் வேகன் கேங் என்ற அமெரிக்க கிறிஸ்தவப் பாடல் (காஸ்பல்) குழுவின் பழைய இசைத்தட்டுகளை இந்த வாரம் மறுபடி எடுத்துப் போட்டேன். அதில் ஆல்டோ பாடும் அன்னா கார்ட்டரை விட்டு நகர முடியவில்லை.

இவர்கள் டெக்சாஸ் கார்ட்டர்கள். நாட்டுப்புற இசையில் பேர்பெற்ற வர்ஜீனியாவின் கார்ட்டர் குடும்பம் வேறு. அப்பா டி. பி. கார்ட்டர் பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்), மகன் எர்னஸ்ட் டெனரும் (ஆண்களின் உயர்ந்த குரல்) கிட்டாரும், மகள் லோலா சொப்ரானோ, இன்னொரு மகள் எஃபி ஆல்டோ. பருத்தி பறித்துப் பிழைத்த குடும்பம். 1935இல் லபக் நகர வானொலியில் பாடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஃபோர்ட் வொர்த் நிலையத்தில் ஒரு மாவு ஆலையின் நிகழ்ச்சி கிடைத்தது; குழுவின் பெயரும் அங்கே கிடைத்ததுதான். பாடுவதற்கென்று வைத்த பெயர்களில் எர்னஸ்ட் ஜிம் ஆனார், லோலா ரோஸ் ஆனார், எஃபி அன்னா ஆனார். 1936இல் ஆரம்பித்த இசைத்தட்டுப் பதிவு 1975 வரை நீண்டது. மொத்தம் 400க்கும் மேற்பட்ட பாட்டுகள்.

மேடை ஏறி ஊர் ஊராகப் பாடப் போனது 1950 வாக்கில்தான். அதுவரை வானொலி மைக், பதிவு மைக், அவ்வளவே. அவர்கள் பாட்டின் ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரலை எறிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்ததில்லை. இன்னொரு காஸ்பல் குழுவான ஹேப்பி குட்மன் குடும்பத்தின் வெஸ்டல் குட்மன் பாடினால் கூரை அதிரும்; அந்தப் பாட்டும் எனக்கு உயிர். ஆனால் அன்னா வீட்டுக்குள் இருப்பவர்களுக்காகப் பாடுகிறார். அழுத்தமில்லை, அலங்காரமில்லை, சொல் ஒவ்வொன்றும் தெளிவு.

ஆல்பர்ட் பிரம்லி எழுதிய ‘ஐ'ல் ஃப்ளை அவே’ பாட்டை 1948இல் பதிவு செய்தார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பல்லவியில் ரோஸ் மேலே போகும்போது அன்னா கூடவே ஏறிவிடுவதில்லை. தன் இடத்திலேயே நிற்கிறார், அதனால்தான் மேல்குரலின் உயரம் நமக்குத் தெரிகிறது. அக்கா தங்கை இருவரும் மூச்சு விடும் இடம்கூட ஒன்றாக விழுகிறது. பயிற்சியால் மட்டும் இது வராது, ஒரே வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். பயிற்சியும் குறைவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் முக்கோணம், சதுரம் போல் தனித்தனி வடிவக் குறியாக அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களைப் பார்த்து நான்கு குரலில் பாடும் மரபு அது. அப்பாவும் அம்மாவும் சந்தித்துக்கொண்டதே அதைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாட்டுப் பள்ளியில்தான்.

ஐம்பதுகளில் அன்னாவின் கணவர் ஹோவர்ட் கார்டன் மின்கிட்டாரோடு வந்து சேர்கிறார். அடக்கமாக வாசிப்பவர், குரல்களுக்கு நடுவே புகுவதில்லை. அதற்குப் பிந்திய ஆல்பங்களை இந்த முறை ஒருமுறை கேட்டுவிட்டு உறையில் போட்டுவிட்டேன். நல்ல பாட்டுகள்தான், ஆனால் அப்பாவின் பேஸ் இல்லாமல் எனக்கு நிறைவதில்லை. அவர் 1955இல் ஓய்வு பெற்றார்.

புதிதாகக் கேட்பவர்கள் நாற்பதுகளின் பதிவுகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஆல்டோ பாடுகிறவராக இருந்தால், முதல் தடவை சும்மா கேளுங்கள். அப்புறம் அன்னாவின் வரியை மட்டும் அவரோடு சேர்ந்து, அவர் அளவுக்கே மெதுவாகப் பாடிப் பாருங்கள்.