மாநாட்டுக்கு ஹோட்டல் பார்க்கும் வேலை

மாநாட்டு ஏற்பாடு என்பது மத்திய அரசு அலுவலகங்களில் யாரும் கேட்டு வாங்கும் வேலை இல்லை. டெல்லியில் ஓர் அமைச்சகத்தின் பொது நிர்வாகப் பிரிவில் இருந்ததால் அது என் மேசைக்கு வந்தது, பல வருடம் அங்கேயே தங்கிவிட்டது. பேனர், மைக், பூங்கொத்து எல்லாம் கடைசி வாரத்து வேலைகள். எங்கே நடத்துவது என்பதில்தான் ஃபைல் மாதக்கணக்கில் சுற்றும்.

அரசிடமே இடங்கள் உண்டு. மௌலானா ஆசாத் சாலையில் விஞ்ஞான் பவன் இருக்கிறது. 1956இல் யுனெஸ்கோ மாநாடு அங்கே நடந்தது. அதற்கு வருகிற விருந்தினர்கள் தங்குவதற்காகவே சாணக்யபுரியில் அசோக் ஹோட்டலை அரசு கட்டியது. இப்போது ஜன்பத்தில் அம்பேத்கர் சர்வதேச மையம், பிரகதி மைதானத்தில் 2023இல் திறந்த பாரத் மண்டபம் என்று இடங்கள் கூடியிருக்கின்றன. இங்கெல்லாம் தேதி கிடைக்காதபோதோ, வெளிநாட்டு விருந்தினர்களைத் தங்குமிடத்திலேயே உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தாலோதான் தனியார் ஹோட்டல் பக்கம் போவோம்.

போனால் முதலில் நிற்பது 2014 அக்டோபர் 29 தேதியிட்ட செலவினத் துறையின் சிக்கன உத்தரவு. ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் கூட்டம் நடத்த அது தடை போட்டது. வெளிநாட்டு அரசுகளோடும், இந்தியா உறுப்பினராக உள்ள சர்வதேச அமைப்புகளோடும், அமைச்சர் அல்லது செயலாளர் மட்டத்தில் நடப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. நட்சத்திரம் தருவது சுற்றுலா அமைச்சகத்தின் குழு. ஆனால் அதற்கு விண்ணப்பிப்பது ஹோட்டலின் விருப்பம். அதனால் பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் இருந்தும் காகிதத்தில் நட்சத்திரமே இல்லாத ஹோட்டல்கள் உண்டு. அவற்றை எடுத்தால் உத்தரவை மீறியது ஆகாது என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை எப்போதும் எதிர்த்தே குறிப்பு எழுதியிருக்கிறேன். சிக்கனம் என்று சொன்னால் சிக்கனம்தான்.

அப்புறம் பணம். ஹோட்டல்காரர்கள் முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்பார்கள். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி தனியார் நிறுவனத்துக்கு முன்பணம் 30 சதவீதம் வரைதான், பொதுத்துறை நிறுவனம் என்றால் 40 சதவீதம். மீதி, நிகழ்ச்சி முடிந்து பில் பாஸான பிறகு. அரசு பில் எப்போது பாஸாகும் என்பது டெல்லி ஹோட்டல்களுக்கு நன்றாகவே தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கல்யாண சீசன் வேறு. முகூர்த்த நாளில் ஹாலுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட ஒரு குடும்பம் காத்திருக்கும்போது, 30 சதவீதத்தோடு போகும் எங்களை யார் வரவேற்பார்கள்? அதனால் டெண்டரில் கலந்துகொள்பவர்களே குறைவு. அவர்களில் தட்டுக்கு விலை குறைத்துச் சொன்னவர் எல்-1, ஆர்டர் அவருக்கு.

அந்த விலை எப்படிக் குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. அரிசி, பருப்பு, பனீர், மின்சாரம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். குறைக்க முடிகிற இடம் ஆள் கூலி. நம் ஊரில் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் பந்தி பரிமாற எத்தனை பேர், அவர்களை யார் கூட்டிவருகிறார்கள் என்று சமையல் கான்ட்ராக்டரிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். அரசின் மதிப்பீட்டுப் படிவத்தில் தீயணைப்புத் துறைச் சான்று, உணவு உரிமம், ஜிஎஸ்டி எண், புரொஜெக்டரின் திறன் வரை கட்டங்கள் உண்டு. பரிமாறுகிறவரைப் பற்றி ஒரு கட்டம்கூட இருக்கவில்லை.

அதை எனக்குக் காட்டியது ஒரு மின்னஞ்சல். ஒரு சர்வதேசக் கூட்டத்துக்கு வர இருந்த குழுவில் ஒருவர் அமெரிக்கத் தொழிற்சங்கப் பின்னணி கொண்டவர். நாங்கள் தேர்ந்தெடுத்த ஹோட்டலில் ஊழியர்களுக்குச் சங்கம் உண்டா, நிர்வாகத்தோடு தகராறு ஏதும் நடக்கிறதா, வாசலில் மறியல் இருந்தால் எங்களால் உள்ளே வர முடியாது என்று எழுதியிருந்தார். அந்த நாட்டில் இது சாதாரணக் கேள்வி. யுனைட் ஹியர் என்ற ஹோட்டல் தொழிலாளர் சங்கம், எந்த ஹோட்டலுக்குப் போகலாம், எதைப் புறக்கணிக்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறது. 2018இல் பல நகரங்களில் மாரியட் ஹோட்டல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அந்தச் சங்கத்தின் கீழ்தான். அங்கே அரசு மாநாடுகளுக்கான விதிகளும் வேறு. 1990ஆம் ஆண்டின் ஹோட்டல் தீப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிய தீத்தடுப்பு வசதி இல்லாத ஹோட்டலில் பொதுவாகக் கூட்டாட்சி அரசின் பணத்தில் கூட்டம் நடத்த முடியாது. 2010இல் லாஸ் வேகாஸில் ஓர் அரசு அமைப்பு ஒரே மாநாட்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது 2012இல் வெளிவந்து அதன் தலைவரே பதவி விலகினார். அதன் பிறகு 1 லட்சம் டாலரைத் தாண்டினால் மேல்மட்ட ஒப்புதல் கட்டாயம் என்று ஆக்கினார்கள். அரசின் இந்தக் கட்டுப்பாடுகள் தீயையும் பணத்தையும் பற்றியவை. சங்கத்தைப் பற்றிய கேள்வியைப் பெரும்பாலும் அங்கே போய்த் தங்குகிறவர்கள்தான் கேட்கிறார்கள்.

எங்கள் ஹோட்டலின் சேல்ஸ் மேனேஜரிடம் போனில் கேட்டேன். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். நேரில் போய்ப் பார்த்தால் லாபியில் ஊழியர்கள் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்தியிருந்தார்கள். ஊதிய ஒப்பந்தக் காலம் முடிந்து நாளாகியும் புதிய ஒப்பந்தம் வரவில்லை. கோரிக்கைப் பட்டியல் கொடுத்துவிட்டுத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வேலைநிறுத்தம், நிலநடுக்கம், வெள்ளம் மூன்றும் ஒரே பிரிவில் இருந்தன. ஊழியர்கள் வேலையை நிறுத்தினால் ஹோட்டலுக்குப் பொறுப்பு இல்லை என்று இருந்தது. முன்பணம் திரும்பி வரும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சொந்த ஊழியருக்குச் சம்பளம் பேசி முடிக்காமல் இருப்பதை வெள்ளத்தோடு சேர்ப்பது நியாயமே இல்லை.

கமிட்டியில் எடுத்த முடிவு, யூனியன் இல்லாத ஹோட்டலாகப் பார்த்து மாற்றிவிடுவது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கமிட்டியில் சொன்னேன், எடுபடவில்லை. நல்லவேளையாக முன்பணம் இன்னும் போகவில்லை. மாற்றினோம்.

புதிய ஹோட்டலில் பேட்ஜ் இல்லை, கோஷம் இல்லை. முதல் நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள் மதிய உணவுக்கு விருந்தினர்கள் ஹாலை விட்டு வெளியே வந்தால், பஃபே மேசைகளில் பாதிக்கு மூடியே திறக்கவில்லை. பரிமாற வேண்டிய பையன்கள் பாதிப் பேர் வரவில்லை. அன்று முகூர்த்த நாள். கான்ட்ராக்டர் அவர்களைக் கூடுதல் கூலிக்கு சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். இருந்தவர்களில் ஒரு பையன் சூப் கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓடினான். அளவு சேராத கறுப்பு ஷூ, குதிகால் வெளியே நழுவி நழுவி வந்தது. சீருடையும் ஷூவும் கான்ட்ராக்டர் அன்றன்றைக்குக் கொடுத்து வாங்கிக்கொள்வதாம்.

பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கும் பேங்க்வெட் கேப்டன் தென்காசிக்காரர். தமிழ் என்று தெரிந்ததும் மாலையில் தேநீர் நேரத்தில் வந்து பேசினார். "எத்தனை மணிக்குத் தம்பி வந்தாங்க இந்தப் பசங்க?" என்று கேட்டேன்.

"காலைல அஞ்சு மணி சார். ராத்திரி கடைசித் தட்டு கழுவுற வரைக்கும் இருக்கணும். ஒரு நாளைக்கு ஒரு கூலிதான், ஓவர்டைம் எல்லாம் கிடையாது. எல்லாரும் வந்து சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒரு தடவை மேனேஜர்கிட்ட, இவங்களுக்கு யார் சம்பளம் போடுறா, பி.எஃப். கட்டுறாங்களான்னு கேளுங்க சார். நாங்க கேட்டா வேலை போயிடும். நீங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்."

சங்கம் உள்ள ஹோட்டலில் தகராறு கண்ணுக்குத் தெரிந்தது. யாரோடு பேச வேண்டும் என்று தெரிந்தது. பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று தொழிலாளர் துறையில் கேட்கவும் முடிந்தது. சங்கம் இல்லாத இடத்தில் முன்னறிவிப்பும் இல்லை, பேச ஆளும் இல்லை. ஃபைலில் யூனியனை ஆபத்து என்று எழுதுகிறோம். வந்த ஆபத்து அது இல்லாத இடத்தில் வந்தது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் வேலைநிறுத்த நோட்டீஸ் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆக, அமைப்பாகத் திரண்ட ஊழியர்களிடமிருந்து நமக்கு இரண்டு வார அவகாசம் உண்டு. கல்யாணத்துக்குத் திருப்பிவிடப்பட்ட பையன்கள் விஷயத்தில் இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த டெண்டருக்கு மூன்று மாற்றங்களை முன்மொழிந்தேன். ஹோட்டலின் சொந்த ஊழியர் தகராறு இயற்கைச் சீற்றத்தோடு சேராது, அதனால் கூட்டம் நின்றால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். நடப்பில் உள்ள ஊதிய ஒப்பந்தம் இருந்தால் அதைக் காட்டலாம், அதற்கு மதிப்பெண் உண்டு. 2021இலிருந்து டெண்டரை மதிப்பிடும்போது விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை எடை கொடுக்க வழி இருக்கிறது, அதற்குள் இதைப் பொருத்தலாம். கடைசியாக, பரிமாறும் ஊழியர்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய சலான் பில்லோடு வர வேண்டும்.

ஐ.எஃப்.டி. என்று நாங்கள் சொல்லும் நிதிப் பிரிவு உடனே கேட்டது: ஹோட்டல் ஊழியருக்கு நாம் முதலாளி இல்லையே, நாம் ஏன் கேட்க வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில், நம் அலுவலகத் துப்புரவுக்கும் காவலுக்கும் ஆள் எடுக்கும்போது அதே சலானைப் பார்த்த பிறகுதானே கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கிறோம், இரண்டு நாள் நமக்காக உழைப்பவருக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல் என்பது. பொது ஒப்பந்தங்களில் தொழிலாளர் நலப் பிரிவு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1949இலேயே 94ஆம் உடன்பாட்டில் சொல்லிவிட்டது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆனாலும் நம் டெண்டரில் நாமாகச் சேர்க்க எந்த விதியும் தடுக்கவில்லை. ஜே.எஸ்., அதாவது இணைச் செயலாளர், கையெழுத்துப் போட்டார்.

தட்டு விலை கொஞ்சம் ஏறியது. ஹோட்டல்கள் சிலது விலகிக்கொண்டன. வந்த சலான்களைச் சரிபார்த்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. ஹோட்டல் தன் நிரந்தர ஊழியருக்குக் கட்டியதை ஒழுங்காகக் காட்டுகிறது. பையன்களோ கான்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு கான்ட்ராக்டரின் கணக்கில் இருக்கிறார்கள், அல்லது எந்தக் கணக்கிலும் இல்லை. அன்றைய ஷிப்டில் நின்ற எல்லோருடைய பெயரும் சலானில் இருக்க வேண்டும் என்று வாசகத்தைத் திருத்தி மறுபடி ஐ.எஃப்.டி.க்கு அனுப்பியிருக்கிறேன்.