ஆளா, பிரசையா?

தேயிலைத் தோட்டத்தில் ‘ஆள்’ என்றால் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், எண்ணப்படுகிற தலை. “இன்னைக்கு எத்தன ஆளு?” என்று கேட்டுத்தான் செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தால் அதே ஆளுக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம். இலங்கை அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்திலும் இதே சொல் வருகிறது. அங்கே ஆளுக்கு அரைப்பேர் கிடையாது, முழுப்பேர்தான். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு சொல் நிற்கிறது: பிரசை, நாட்டின் குடியுரிமை உள்ளவர். எந்த வரியில் ஆள், எந்த வரியில் பிரசை என்று பென்சிலால் கோடு போட்டபடி அந்த அத்தியாயத்தை வாசித்துப் பாருங்கள். உரிமை பிறப்போடு வருவதா, அரசாங்கம் கொடுத்தால்தான் உண்டா என்ற பழைய தர்க்கம் முழுவதும் அந்தக் கோடுகளுக்குள் கிடக்கும்.

10ஆம் உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம்: ஆள். 11, சித்திரவதைக்கு உட்படாமை: ஆள். 12(1), சட்டத்தின் முன் சமத்துவம்: ஆள். 13, காரணம் சொல்லாமல் கைதுசெய்யக் கூடாது, கைதானவரை நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும்: ஆள். இவற்றுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், அடையாள அட்டையும் வேண்டாம். மனிதராக இருந்தால் போதும். இனி 12(2)க்கு வாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற வரி அது. அங்கே பிரசை. பேச்சு, கூட்டம், சங்கம், தொழிற்சங்கம், நடமாட்டம், விரும்பிய இடத்தில் குடியிருத்தல் எல்லாம் அடங்கிய 14(1)இலும் பிரசை. 2015இல் சேர்ந்த 14அ, தகவல் அறியும் உரிமை, அதிலும் பிரசை.

14(1)க்கு அடுத்து நிற்கும் 14(2)ஐ மலையகத்தில் பிறந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது வாசிக்க வேண்டும். வேறு எந்த நாட்டுக்கும் பிரசையாக இல்லாமல், அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பிருந்தே இங்கே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசிப்பவருக்கு, 14(1)இல் உள்ள உரிமைகள் பத்து வருடத்துக்கு உண்டு என்கிறது அது. நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரை மனதில் வைத்து எழுதியது என்று விளக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பு 1978 செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்தது. கணக்குப்படி 1988 செப்டெம்பரில் தவணை முடிகிறது. பேச்சுக்கும் தொழிற்சங்கத்துக்கும், பால்மாப் பெட்டியில் போடுவதுபோல, காலாவதித் திகதி.

அதே அரசியலமைப்பின் 4(ஈ) சொல்வதைக் கவனியுங்கள். அடிப்படை உரிமைகளை அது ‘வழங்கவில்லை’, பிரகடனப்படுத்தி, ‘ஏற்றுக்கொள்கிறது’. ஏற்கெனவே இருப்பதைத்தானே ஏற்றுக்கொள்ள முடியும்? ஒரு பக்கத்தில் இயற்கை உரிமை பேசுகிற ஆவணம், சில பக்கம் தள்ளிப் பத்து வருடத் தவணை போடுகிறது. என் பார்வையில் இது எழுதியவர்களின் தடுமாற்றம் இல்லை. உரிமை என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதி ஒட்டிக்கொண்டிருக்கிறது: கேட்பதற்கான நியாயம் ஒன்று, கேட்டால் கிடைப்பதற்கான வழி மற்றது. சட்டத்தில் இரண்டாவதுக்குப் பரிகாரம் என்று பேர். நியாயம் அரசாங்கத்துக்கு முந்தியது. பரிகாரம் முழுக்க முழுக்க அரசாங்கத்தின் கையில்.

இரண்டையும் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1948ஐ விட நல்ல பாடம் உலகத்திலேயே குறைவு. 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. சரியாக 25 நாள் கழித்து, டிசம்பர் 10இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. எவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்துக்கு, அதாவது ஒரு நாட்டின் பிரசையாக இருப்பதற்கு, உரிமை உண்டு என்பது அதன் 15ஆம் உறுப்புரை. (இலங்கை அந்தச் சபையில் சேர்ந்ததே 1955இல்தான்.) பிரசாவுரிமைச் சட்டத்தில் ‘இந்திய’ என்ற சொல்லே கிடையாது. இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய்வழி கணக்கில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல்தான். ஆனால் கிராமத்தில் ஒருவன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று யாரும் கேட்கப்போவதில்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனிடம்தான் கடதாசி கேட்பார்கள். அந்தக் கடதாசி அவனிடம் இருக்காது.

அடுத்த வருடம் வந்த 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் பிரசையாக வழி வைத்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னே தொடர்ச்சியாக, மணமானவர் என்றால் 7 வருடம், மணமாகாதவர் என்றால் 10 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும்; விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். இங்கே உயிரை எடுத்த சொல் ‘தொடர்ச்சியாக’. இந்தியாவில் இருக்கும் ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டி வந்தவனும், செத்தவீட்டுக்குப் போய் வந்தவளும் அந்தச் சொல்லைக் கடக்கப் படாத பாடு பட்டார்கள். அதே 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைக்கு மட்டும் என்று சுருக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மலையகத் தமிழர் வாக்குப்பெட்டி வழியாகப் பாராளுமன்றம் போக 1977 ஆனது. அது நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான்.

வழக்குப் போடாமல் இல்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கு, அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அப்போதைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கிற சட்டம் செல்லாது என்றது. அதைப் பிடித்துத்தான் வாதம். 1953இல் தீர்ப்பு. ஒரு நாட்டின் பிரசைகள் யார் யார் என்று தீர்மானிப்பது அந்நாட்டுச் சட்டசபையின் முற்றிலும் ‘இயற்கையான’, நியாயமான வேலை என்று அந்தக் கழகத்து நீதிபதிகளான பிரபுக்கள் சொல்லிவிட்டார்கள். இயற்கை என்ற சொல் மனிதனின் பக்கத்திலிருந்து சட்டசபையின் பக்கத்துக்குப் போன நாள் அது.

உரிமை என்பதே அரசாங்கம் கொடுப்பதுதான் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தவன் திருப்பி எடுத்தான் என்றால் அதில் அநியாயம் எங்கே? அவர்கள் தர்க்கப்படி 1949இல் நமக்கு ஒன்றுமே நடக்கவில்லை. கணக்கு மூடப்பட்டது, அவ்வளவுதான். அதை அவர்களாலும் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியும் பிரசைகள் என்கிறது. அந்தத் திகதி ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள்; 9,75,000 பேரை 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, மீதி பிறகு என்று பங்கு போட்ட ஒப்பந்தம். பங்கு போட்ட நாளையே அளவுகோலாக வைத்துத் தவறைத் திருத்தினார்கள் என்றால், சட்டத்துக்கு வெளியே ஒரு நியாயம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தது என்றுதான் அர்த்தம்.

இயற்கை உரிமை போதும் என்கிறவர்களுக்கும் கேள்வி உண்டு. பிரசையாக இல்லாத அந்த நாற்பது வருடமும் தோட்டத்துச் சனத்தைக் காத்தது எது? அரசியலமைப்பும் இல்லை, பிரகடனமும் இல்லை. 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம், 1939இன் பிரசவச் சகாயக் கட்டளைச் சட்டம், 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். இவற்றில் உரிமைக்காரர் ஆளும் இல்லை, பிரசையும் இல்லை, தொழிலாளி. நாடற்றவளும் பிள்ளை பெற்றால் பிரசவக் காசு கேட்கலாம். பெரிய மேடையில் உரிமை பேசுகிறவர்கள் இந்தச் சின்னச் சட்டங்களைச் சட்டை செய்வதில்லை. எனக்கு இவற்றின் மேல் மதிப்பு அதிகம்.

இன்னொரு பக்கமும் பார்க்கலாம். உயிர் வாழும் உரிமை என்று நம் அரசியலமைப்பில் ஒரு வரி கிடையாது. 13(4) தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனையோ சிறையோ கிடையாது என்கிறது. அதற்குள் உயிர் வாழும் உரிமை மறைந்து நிற்கிறது என்று 2003இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. எழுதாத உரிமையையும் ஒரு நீதிபதியால் கண்டெடுக்க முடியும். ஆனால் கண்டெடுக்க ஒரு வழக்கு வேண்டும், வழக்குக்குத் தவணை உண்டு. நம் ஆட்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

126ஆம் உறுப்புரை: உரிமை மீறப்பட்டு, அல்லது மீறப்படப்போகிறது என்று தெரிந்து, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனு போக வேண்டும். ஒரே மாதம். அதோடு மீறியது நிறைவேற்று அல்லது நிர்வாகத் துறையாக இருக்க வேண்டும்: பொலிஸ், பிரதேச செயலகம், அரச பாடசாலை, திணைக்களம் இந்த மாதிரி. வழக்கமாக என்ன நடக்கிறது? ஒப்பிஸில் ஒரு வேலையை மறுக்கிறார்கள். முதலில் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்கிறோம். அவர் எம்.பி.க்குக் கடிதம் எழுதுகிறார். எம்.பி. அமைச்சுக்கு எழுதுகிறார். மூன்று மாதம் கழித்து ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பதில் வருகிறது. அந்தப் பதிலோடு சட்டத்தரணியிடம் போனால் முதலில் பார்ப்பது திகதியைத்தான். அந்த ஒரு மாதத்தை எம்.பி.யின் கடிதம் நிறுத்தாது.

நிறுத்தக்கூடியது ஒன்று இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், 13(1). அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் உண்டு, செலவில்லை. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருந்தது என்று காட்டச் சொல்லி மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அங்கிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

முறைப்பாட்டில் எழுத வேண்டியது: எந்தத் திகதி, எந்த ஒப்பிஸ், எந்தப் பதவிக்காரர் (பெயர் தெரியாவிட்டால் பதவி போதும்), நீங்கள் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன, அதே நிலைமையில் இன்னொருவருக்குச் செய்து கொடுத்தார்களா. கடைசிக் கேள்விதான் 12(1)க்கு உயிர். ‘எங்களை மதிக்கவில்லை’ என்று ஒரு பக்கம் எழுதுவதை விட, ‘இதே ஆவணத்தோடு போன மற்றவருக்கு அதே கிழமை கொடுத்தார்கள்’ என்ற ஒரு வரி கனம் கூடியது.

கடித உறையை வீசாதீர்கள். பல தோட்டங்களில் தபால் லயத்துக்கு வருவதில்லை, தோட்டத்து ஒப்பிஸுக்குத்தான் வரும். கிளாக்கர் மேசையில் பத்து நாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வரும். கடிதத்தில் 3ஆம் திகதி, கையில் கிடைத்தது 19ஆம் திகதி என்றால் அந்தப் பதினாறு நாளை நிரூபிக்க உறையில் இருக்கும் தபால் முத்திரையும், கிடைத்த அன்றே நீங்கள் எழுதி வைத்த குறிப்பும்தான் சாட்சி. பதிவுத் தபால் என்றால் கையெழுத்துப் போட்ட திகதி இன்னும் நல்லது.

எதிரில் நிற்பது கம்பனி என்றால் இந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு துரை (தோட்ட முகாமையாளர்) அரசாங்க உத்தியோகத்தர் இல்லை. அரச நிறுவனங்களான ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் ஆகியவற்றின் தோட்டங்களில் நிலைமை வேறு. அதனால் எந்தப் பிரச்சினையிலும் முதல் கேள்வி ‘என் உரிமை என்ன?’ என்பதாக இருக்கக் கூடாது, ‘மறுத்தது யார்?’ என்பதாக இருக்க வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபை, ஆறு மாதத்துக்குள். சம்பளப் பிடித்தம் என்றால் தொழில் திணைக்களம். கோயிலுக்குள் சாதி பார்த்து விடவில்லை என்றால்? 12(3) அது கூடாது என்கிறது, அதுவும் ‘ஆள்’ என்ற சொல்லோடு. ஆனால் வாசலில் மறித்தவர் அரச அதிகாரி இல்லையே, 126 எட்டாது. அங்கே உதவுவது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். பொலிஸ் அதை எழுத மறுத்தால், அந்த மறுப்பு நிர்வாகச் செயல். அந்த நிமிடத்திலிருந்து ஒரு மாதக் கணக்கு தொடங்குகிறது.