திபெத் பார்த்த அவலோகிதர்

இமாச்சலத்தின் மெக்லியோட் கஞ்சில் முதல் நாள் காலை பாதையைத் தப்பான பக்கமிருந்து தொடங்கிவிட்டேன். தலாய் லாமாவின் இல்லமும் சுக்லாகாங் கோயிலும் இருக்கும் குன்றைச் சுற்றி, மரங்களுக்கு நடுவே ஒரு பாதை போகிறது. லிங்கோர் என்பார்கள். எதிரே வந்த ஒரு பாட்டி என் முழங்கையைத் தொட்டு, காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வலமாக வர வேண்டும். திரும்பி அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.

இடுப்பில் பாங்தென் என்ற கோடு போட்ட முன்துணி, ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரம். உதடு ஓயாமல் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்கிறது. வழியெல்லாம் அதே மந்திரம் செதுக்கிய கற்கள். மேலே கொடிகள்: நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம் என்று நமக்குத் தெரிந்த அதே ஐந்து. வெயிலில் வெளுத்ததை அவிழ்ப்பதில்லை, புதியதை அதன் மேலேயே கட்டுகிறார்கள்.

பாட்டிக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். எந்த ஊர் என்றார். தெற்கே, தமிழ்நாடு என்றேன். "பைலகுப்பேவா?" என்று முகம் மலர்ந்தார். கர்நாடகத்தில் இருக்கும் அந்தத் திபெத்தியக் குடியிருப்புதான் அவருக்குத் தெரிந்த தெற்கு. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று விடுதிப் பெண்ணிடம் அப்புறம் கேட்டுக்கொண்டேன். மோ-லா. மோ என்றால் பாட்டி, லா மரியாதைக்கு. நாம் 'ங்க' சேர்ப்பதுபோல.

ஊர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர்களின் மலைவாசத்தலமாக இருந்த இடம் 1905 காங்க்ரா நிலநடுக்கத்தில் நொறுங்கியது. 1959இல் திபெத்தின் தலைநகர் லாசாவை விட்டு வெளியேறிய தலாய் லாமா அடுத்த ஆண்டு இங்கே வந்தார். பின்னாலேயே மக்கள் வந்தார்கள். பள்ளி, மருத்துவ நிலையம், நூலகம் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் தர்மசாலா, அப்புறம் ஷேர் டாக்ஸி. போவது சுலபம்தான்.

கோயிலுக்குள் நடுவில் சாக்கியமுனி புத்தர். பக்கத்தில், திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோன குரு பத்மசம்பவரும், பதினொரு முகமும் ஆயிரம் கரமும் கொண்ட அவலோகிதரும். கருணையின் போதிசத்துவரான அவலோகிதரை இவர்கள் சென்ரெசிக் என்கிறார்கள். லாசாவின் ஜோகாங் கோயிலில் இருந்த பழைய அவலோகிதர் சிலையைச் சீனாவின் கலாசாரப் புரட்சியின்போது உடைத்தார்கள். அதன் முகங்களில் சிலவற்றைத் திபெத்தியர்கள் ரகசியமாக எடுத்து, நேபாளம் வழியாக இங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள். உடைந்த முகத்தை மடியில் மறைத்துக்கொண்டு பனிமலையைக் கடந்தவர்களை நினைத்தபடி வெகுநேரம் நின்றேன். சாக்கியமுனியின் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலைகளும் திபெத் இருக்கும் திசையைப் பார்த்தபடிதான் வைக்கப்பட்டிருக்கின்றன.

அவலோகிதர் நமக்கும் அந்நியர் இல்லை. 11ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே இவரிடம்தான் என்கிறது. இவர் வாழும் மலை பொதலகம். லாசாவின் பொத்தலா அரண்மனைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இதை மோ-லாவிடம் சொல்ல ஆசைப்பட்டேன். என் இந்தியும் அவர் இந்தியும் அதற்குப் போதவில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கே போனேன். குளிரில் விரல் மடங்கவில்லை. பாதித் தூரத்தில் அவரைப் பிடித்தேன். "தாஷி தெலெக், மோ-லா" என்றதும் நின்று, மேலங்கி மடிப்பிலிருந்து ஒரு துண்டு சுர்பி எடுத்துக் கொடுத்தார். கல்போல உலர்ந்த பாலாடைக்கட்டி. கடிக்காதே, அப்படியே வாயில் வைத்துக்கொள் என்று சைகை காட்டினார். சுற்று முடிந்து கோயில் வாசலுக்கு வந்தபோதும் அது கரையாமல் கன்னத்தில் இருந்தது.