எல்க் வேட்டைக்கு 7 எம்எம்மா, 300-ஆ?

கொலராடோவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தப் பக்கம் கால் வைத்ததும் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, 300 வின் மேக் வாங்கிடட்டுமா?" அதாவது, 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. தாராளமாக வாங்கு. ஆனால் தோட்டா பெரிதாக இருந்தால் தூரத்தில் நிற்கும் எல்க் என்ற பெரிய மான் தானாக விழுந்துவிடும் என்ற நினைப்பில் வாங்காதே.

சட்டம் என்று பார்த்தால் இங்கே எல்க்குக்கு மேக்னமே, அதாவது அதிக வெடிமருந்து பிடிக்கும் பெரிய தோட்டாவே, தேவையில்லை. குறைந்தது 6 எம்எம் விட்டம், 85 கிரெயின் (குண்டின் எடைக்கான அளவு) குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல், இது இருந்தால் போதும். மேக்னத்துக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது வேறொன்றுக்காக. மரங்களே முளைக்காத உயரத்தில், திறந்த சரிவில், 400, 500 கெஜம் தள்ளி நிற்கும் மிருகத்தைக் குண்டு தொடும்போது அதில் வேகம் மிச்சம் இருக்க வேண்டும், போகிற வழியில் காற்று அதை ரொம்பத் தள்ளியிருக்கக் கூடாது.

7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் 1962-ல் வந்தது, 300 வின்செஸ்டர் மேக்னம் 1963-ல். இரண்டுக்கும் தாய், 1912-ல் இங்கிலாந்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த 375. பித்தளைக் கூட்டின் அடியைச் சுற்றித் தடித்த வளையமாக இருக்கும் அந்த பெல்ட் அங்கிருந்து வந்த பரம்பரைச் சொத்து. 375-க்குத் தோள், அதாவது கூடு கழுத்தாக ஒடுங்கும் இடம், சரிவாக இருந்ததால் கூடு குழலின் பின்னால் உள்ள அறைக்குள் சரியான இடத்தில் நிற்க பெல்ட் தேவைப்பட்டது, இவற்றுக்கு நல்ல தோள் இருக்கிறது, அதனால் பெல்ட் சும்மாதான் இருக்கிறது. வீட்டில் தோட்டாவைத் திரும்ப நிரப்புகிறவர்களுக்கு மட்டும் பெல்ட்டுக்குச் சற்று மேலே கூடு இழுபட்டு மெலிந்து தொல்லை கொடுக்கும். ஹார்னடி நிறுவனத்தின் 300 பிஆர்சி (2018), 7 எம்எம் பிஆர்சி (2022) இரண்டிலும் பெல்ட் கிடையாது.

ஆனால் பழசுக்கும் புதுசுக்கும் உண்மையான வித்தியாசம் பெல்ட் இல்லை, ட்விஸ்ட். குழலுக்குள் இருக்கும் மரை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. 7 ரெம் மேக்கில் வழக்கமாக 9.25 அல்லது 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 7 பிஆர்சியில் 8 அங்குலத்துக்கு ஒன்று. இப்போது வரும் நீளமான, ஒல்லியான, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் குண்டுகள் நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும், பழைய குழலில் அந்தச் சுழற்சி பற்றாமல் போகலாம். காற்று விஷயத்தில் இதன் பலன் தெரியும். 7 பிஆர்சியில் 175 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,000 அடியில் கிளம்பும். பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் 500 கெஜத்தில் அது சுமார் ஓர் அடி விலகும். 300 வின் மேக்கில் சாதாரண 180 கிரெயின் வேட்டைக் குண்டு 2,960-ல் கிளம்பி, அதே இடத்தில் பதினாறு, பதினேழு அங்குலம் விலகிவிடும். குண்டு விழும் அளவைத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் போன் ஆப்பும் சொல்லிவிடும், எதிர்ச்சரிவில் காற்று எப்படி அடிக்கிறது என்பதை எந்த ஆப்பும் சொல்லாது. அந்த நாலைந்து அங்குலம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

300-இலும் நல்ல குண்டு போட்டால் இதைச் சரிக்கட்டலாம், ஆனால் அதற்கு 200 கிரெயினுக்கு மேல் போக வேண்டும், உதையும் கூடவே வரும். துப்பாக்கியின் எடை ஒன்றாக இருந்தால் 300 வின் மேக்கின் உதை 7 எம்எம் மேக்னத்தைவிடச் சுமார் கால் பங்கு அதிகம். "நான் தாங்குவேன்" என்று சொல்லாத ஆள் கிடையாது. சந்தேகம் இருந்தால் நண்பரைக் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள், உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவில் மருந்தில்லாத ஒரு டம்மியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விசையை இழுத்ததும் 'டிக்' என்று மட்டும் சத்தம் வரும், குழல் முனை படக்கென்று கீழே குத்தும், தோள் முன்னால் பாயும். வெடி இல்லாமலே இந்தக் கூத்து. குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் போட்டால் உதை நன்றாகவே குறையும், ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவரின் காது போய்விடும்.

இன்னொன்று, ஆளாளுக்குத் தோட்டாவின் பெயரைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள், குண்டைப் பற்றிப் பேசுவது குறைவு. 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் 300 எச் அண்ட் எச் மேக்னத்தால் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றை நன்றாகவே சுட்டார், சேறு காய்ந்து இறுகிய தோலில் குண்டு சிதறிப்போய் உள்ளே போகவில்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் நடுவில் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு. அன்று மேக்னத்தில் குறை எதுவும் இல்லை. இன்றும் தூரத்துக்கென்று செய்த மென்மையான குண்டு 50 கெஜத்தில் தோள் எலும்பில் பட்டால் நொறுங்கலாம், முழுச் செம்புக் குண்டு நொறுங்காது, ஆனால் வேகம் ரொம்பக் குறைந்தால் சரியாக விரியாது. எல்க் உங்கள் வசதிக்காக 500 கெஜத்தில்தான் வந்து நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் நான், உள்ளே இருக்கும் ஈயத்தையும் வெளி உறையையும் ஒன்றாகப் பிணைத்த பாண்டட் குண்டுப் பக்கம்.

சரி, எதை வாங்குவது? புதிதாக வாங்கினால் 7 பிஆர்சி. வீட்டில் ஏற்கெனவே 7 ரெம் மேக் இருந்தால் அதை விற்க வேண்டாம், 160 கிரெயின் நல்ல குண்டைப் போட்டு 400 கெஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எல்க்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 300 வின் மேக், அதன் உதையை உண்மையிலேயே தாங்குகிறவருக்கும், விமானத்தில் வேறு மாநிலத்திலிருந்து வருகிறவருக்கும் ஏற்றது. பெட்டி தொலைந்தாலும் மலையடிவார ஊரின் இரும்புக்கடையில்கூட அதன் தோட்டா கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, 28 நாஸ்லர் மாதிரி அரிதான தோட்டாவைக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். 300 பிஆர்சி அருமையான தோட்டா, ஆனால் முழு நீளம் 3.7 அங்குலம், பல துப்பாக்கிகளின் மேகஸினில் நுழையாது, அதற்கென்றே செய்த துப்பாக்கிதான் வேண்டும்.

338 லாபுவா என்ற இன்னும் பெரிய தோட்டாவைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது ராணுவ ஸ்னைப்பர்களுக்காக உருவானது, அதன் உதையை அடக்க வேண்டுமென்றால் துப்பாக்கி கனமாக இருக்க வேண்டும். 10,000 அடி உயரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, அதைத் தூக்கப்போவது நீங்கள்தான்.