மூட்டைக்கு எத்தனை கிலோ?

முதுகலைப் பொருளியல் வகுப்புக்கு அளவைசார் முறைகள் தாளை எடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள், பாடநூலில் உள்ள எண்களையே கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கணக்குச் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரே விடை வந்தது. அதுதான் அந்த முறையின் குறை என்பது பிடிபட நாளாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ துறையின் முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களில் கணக்கெடுக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி. அந்த வழியையே நானும் பிடித்துக்கொண்டேன். சம்பா அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் சொந்த ஊரில் 20 சாகுபடியாளர்களிடம் பரப்பு, உரச்செலவு, கண்டுமுதல் (அறுவடையில் கிடைத்த நெல்), நெல்லை விற்ற இடம் ஆகியவற்றைக் கேட்டு வரவேண்டும்.

பரப்பு விஷயத்தில் எச்சரிக்கையாகவே இருந்தேன். வேலிக்கு 20 மா, மூன்று மா ஓர் ஏக்கர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். கண்டுமுதலை மட்டும் ‘எத்தனை மூட்டை?’ என்று கேட்டு விட்டுவிட்டேன்.

வந்த விளைச்சல் எண்களை மடக்கையாக (லாக்) மாற்றி, எது விளைச்சலை எவ்வளவு மாற்றுகிறது என்று கணிக்கும் ரெக்ரஷன் போட்டபோது, அரசு கொள்முதல் நிலையத்தில் (டிபிசி) விற்றவர்களுக்கான போலி மாறியின் (அங்கே விற்றவருக்கு 1, மற்றவருக்கு 0) கெழு 0.4-ஐ ஒட்டி வந்தது. மடக்கையை நீக்கிச் சொன்னால், மற்றவர்களைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைச்சல். நிச்சயமான விலை கிடைப்பதால் உரம் கூடுதலாக இடுகிறார்கள் என்று ஒருவர் விளக்க, வகுப்பே தலையாட்டியது. (நானும் ஆட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், டிபிசி மூட்டை 40 கிலோ. யாவாரிக்குப் போடுற மூட்டை 60 கிலோவுக்குக் குறையாது.”

அறுபதை நாற்பதால் வகுத்தால் ஒன்றரை. அதன் இயல் மடக்கை 0.405. நாங்கள் அளந்தது விளைச்சலை அன்று, சாக்கை.

விவசாயிகள் நினைவுப் பிசகில் சற்றுக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் திட்டப்பிழை (கணிப்பில் உள்ள நிச்சயமின்மையின் அளவு) மட்டுமே பெருகியிருக்கும். கெழு ஒரு பக்கமாகச் சாய்ந்திராது. இங்கோ பிழை விற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால், இன்னும் ஆயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் அதே தவறான விடை கூடுதல் உறுதியோடு வந்திருக்கும். இதைப் பாடநூலை வைத்து மூன்று வகுப்புகள் நடத்தியும் பதியவைக்க முடியாமல் போனவன் நான்.

இப்போது வினாப்பட்டியலில் ‘உங்கள் மூட்டைக்கு எத்தனை கிலோ?’ என்று தனிக் கட்டம் இருக்கிறது. இந்த ஆண்டு ஒரு மாணவர், குத்தகையைக் கலம் என்ற பழைய முகத்தல் அளவில் சொல்லும் பெரியவருக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டிருக்கிறார். அதற்கும் ஒரு கட்டம் வரைந்துகொண்டிருக்கிறேன்.