ஹீமோஃபீலியா ஏ: ஏஏவி கூட்டுக்குள் அடங்காத மரபணு

ஹீமோஃபீலியா ஏ என்பது ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 புரதம் குறைவதால் வரும் ரத்தக்கசிவு நோய். அந்தப் புரதத்துக்கான மரபணுவை உடலுக்குள் கொண்டுசெல்லும் வாகனம்தான் ஏஏவி என்ற சிறிய வைரஸ். அதன் கூட்டுக்குள் ஏறத்தாழ 4.7 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) டிஎன்ஏதான் அடங்கும். ஃபேக்டர் 8-க்கான குறியீடு மட்டுமே சுமார் 7 கிலோபேஸ். எனவே உறைதலுக்குத் தேவைப்படாத பி பகுதியை வெட்டி 4.4-க்குக் கொண்டுவருகிறார்கள். அதோடு மரபணுவை இயக்கும் புரமோட்டர், அதன் முடிவைக் குறிக்கும் பாலி-ஏ, இரு முனையிலும் வைரஸுக்குத் தேவையான தலா 145 பேஸ் ஐடிஆர் துண்டுகள் சேர்ந்தால் மறுபடி அளவு மீறும்; சில கூடுகளில் அரைகுறை டிஎன்ஏதான் ஏறும். கல்லீரல் செல்களுக்குள் ஏற்றிய டிஎன்ஏவும் பெரும்பாலும் குரோமோசோமில் சேராது என்பதால், குழந்தையின் கல்லீரல் வளர வளர அது நீர்த்துப்போகும். ஏஏவி-க்கு எதிரான ஆன்டிபாடி முன்பே இருந்தால் பலன் சந்தேகம்தான்.

வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) குழு வேறு வழியில் போனது. நோயாளியின் சிடி34 ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள்) எடுத்து, வெளியே வைத்து லென்டிவைரஸ் என்ற வேறு வகை வைரஸால் மரபணுவை ஏற்றி, ட்ரியோசல்ஃபான் என்ற கீமோ மருந்து கொடுத்து மஜ்ஜையில் இடம் ஒழித்த பிறகு திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்கும் கண்காணிப்புக் காலத்தில் ரத்தக்கசிவு இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் பெரிய விஷயம். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை அந்தக் கீமோவின் பாதிப்புகள்தான்: வெள்ளணுக்கள் சரியும், தொற்று வரலாம், விந்தணு பாதிக்கப்படலாம். லென்டிவைரஸ் குரோமோசோமில் நுழைவதால், எந்த இடத்தில் நுழைந்தது என்பதையும் பல ஆண்டுகள் பார்த்துவர வேண்டும்.