வெள்ளி வரையா, வெள்ளிக்குள்ளா?

ஸ்டுட்கார்ட்டில் வாகன உதிரிபாகங்களை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே, ஜெர்மானிய சக ஊழியர்கள் சென்னைக்கு அனுப்பும் ஆங்கில மின்னஞ்சல்களைப் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஆங்கிலம் அவர்களுக்கும் தாய்மொழியன்று, எனக்கும் அன்று.

சிரிப்பூட்டும் பிழைகளால் பெரிய கெடுதல் இல்லை. ஜெர்மனில் 'பெகொம்மென்' என்றால் 'பெறுதல்'. அந்த நினைப்பில் ஒருவர் 'ஐ பிகம் எ காபி' என்று சொல்லி, தாமே காபியாக மாறப்போவதாக அறிவித்தாலும், கேட்டவர் சிரித்துவிட்டுக் காபியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். இலக்கணம் பிசகாமல் பொருள் மட்டும் மாறிப்போகும் வாக்கியங்களுக்குத்தான் நான் அஞ்சினேன்.

ஒருமுறை எங்கள் குழுத்தலைவர், 'யூ மஸ்ட் நாட் ரிப்பீட் த டெஸ்ட்' என்று என்னிடம் காட்டாமலேயே எழுதி அனுப்பிவிட்டார். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதே அவர் கருத்து. ஜெர்மனில் 'முஸன்' என்ற வினையோடு 'நிஷ்ட்' சேர்ந்தால் அந்தப் பொருள்தான் வரும். ஆங்கிலத்திலோ அது 'செய்யக் கூடாது' என்ற தடை. முடிவுகளில் ஐயம் கொண்டு, மறுபடியும் சோதித்துப் பார்க்க விரும்பிய சென்னைப் பொறியாளர்கள், மேலிடமே தடுத்துவிட்டது என்றெண்ணி ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். 'நீட் நாட்' என்று எழுதியிருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும்.

'பிஸ்' என்ற சிறு சொல் இன்னும் பொல்லாதது. வெள்ளிக்குள் என்பதற்கும் வெள்ளி வரை என்பதற்கும் ஜெர்மனில் அது ஒன்றே போதும் என்பதால், 'பை ஃப்ரைடே' என்று வர வேண்டிய இடத்தில் 'அன்டில் ஃப்ரைடே' வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சக ஊழியருக்கு இதை விளக்கும்போது, தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கே புதிதாகத் தெரிந்தது. வரைபடத்தை வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும், நான் வெள்ளி வரை விடுப்பில் இருப்பேன் என்று வெண்பலகையில் எழுதி வேறுபாட்டைச் சொன்னேன். அவர் 'க்குள்' என்ற எழுத்துகளை அப்படியே தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார்.

'எவென்டுவெல்' என்றால் ஜெர்மனில் 'ஒருவேளை'; ஆங்கிலத்தின் 'எவென்சுவலி' என்பதோ 'இறுதியில் நடந்தே தீரும்' என்ற பொருளைத் தருவது. எண்களிலும் கவனம் வேண்டும்: தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடும் ஜெர்மானியர் 1,500 மி.மீ. என்று எழுதினால் அது ஒன்றரை மில்லிமீட்டர். ஆயிரத்து ஐந்நூறு என்றால் புள்ளியும் காற்புள்ளியும் இன்றி 1500 என்றே எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

இப்படித் திருத்திக்கொண்டிருந்த என்னிடம், 'க்குள்' எழுதிக்கொண்ட அதே நண்பர் ஒருநாள் என் மின்னஞ்சலொன்றைக் கொண்டுவந்து, 'டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருக்கிறீர்களே, குறிப்பாக நான் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டார். மின்னஞ்சலை இருமுறை படித்துப் பார்த்தேன். அது எனக்கும் தெரியவில்லை.